ஃப்ரெடி கிங்கோட 'ஹைட் அவே': நாலு மாசம், ரெண்டு பிக், ஒரு பென்சில்

இரும்பு பிக் (கிடார் கம்பிய மீட்ட விரல்ல மாட்டுற சின்னத் தகடு) விரல்ல இருந்து தெறிச்சுப் போய் சோஃபாவுக்கு அடியில விழுந்தது அன்னிக்கு மட்டும் மூணாவது தடவை. கிடார கழட்டி வெச்சுட்டு தரையில படுத்து மொபைல் டார்ச்ச அடிச்சுத் தேடிக்கிட்டு இருக்கேன், ஆம்ப் தன்பாட்டுக்கு உஸ்ஸுன்னு இரைஞ்சுக்கிட்டு இருக்கு, என் பொண்ணு வந்து எட்டிப்பாத்துட்டு "ஏம்ப்பா, எப்பவும் வாசிக்கிற பிக்லயே வாசிச்சா என்ன?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு பதில் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாலு மாசம் ஆச்சு.

விஷயம் இதுதான். 'ஹைட் அவே'ன்னு ஒரு ப்ளூஸ் இன்ஸ்ட்ருமென்டல், ஃப்ரெடி கிங் வாசிச்சது. ரெண்டரை நிமிஷம் சொச்சம்தான், வாய்ப்பாட்டு கிடையாது, முழுக்க கிடார். ப்ளூஸ் கிடார் கத்துக்கிறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இதுல வந்து முட்டிக்குவாங்க, ஏன்னா கேக்கறதுக்கு அவ்ளோ சுலபமா இருக்கும். ஈ கீ (சுருதி), சாதா பன்னண்டு பார் ப்ளூஸ் (நாலு பீட்டு ஒரு பார், பன்னண்டு பார் ஒரு சுத்து), ஈ 7, ஏ 7, பி 7 மூணே கார்டு (சேந்து ஒலிக்கிற நோட்டுங்க), ஆரம்பம் கிடாரோட தலைப்பக்கம் ஓப்பன் ஸ்ட்ரிங்ஸ் (விரல் அழுத்தாம ஒலிக்கிற கம்பிங்க) சுத்தியே இருக்கு, பெரிசா கை நீட்டவும் வேணாம். ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்னு நம்பித்தான் இறங்கினேன். நோட்ஸ் நெஜமாவே ரெண்டு வாரத்துல வந்துடுச்சு, அதுதான் என்ன ஏமாத்துனதே.

முதல்ல பாட்டப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், இத தெரிஞ்சுக்கிட்டதால வாசிக்கிறதே மாறுச்சு. ஃப்ரெடி கிங் டெக்சஸ்ல கில்மர்ங்கிற ஊர்ல 1934ல பொறந்தவரு, பதினாறு வயசு வாக்குல குடும்பத்தோட சிகாகோ வந்துட்டாரு, ராத்திரி க்ளப்ல ப்ளூஸ், பகல்ல ஸ்டீல் மில்லுல வேலை. சிகாகோ வெஸ்ட் சைடுல மெல்ஸ் ஹைட் அவே லவுஞ்சுன்னு ஒரு க்ளப் இருந்துது, பாட்டு பேரு அதுலேருந்துதான். 1960 ஆகஸ்ட் 26ம் தேதி சின்சினாட்டியில கிங் ரெக்கார்ட்ஸ் ஸ்டுடியோவுல பதிவாகி ஃபெடரல் லேபிள்ல வந்துச்சு (கம்பெனி பேரு கிங், இவரு பேரும் கிங், ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல). 1961ல அமெரிக்காவோட ஆர் அண்ட் பி (கறுப்பின மக்களோட இசை) சார்ட்டுல 5வது இடம், பாப் சார்ட்டுலயே 29. வாயத் திறந்து ஒரு வார்த்தை பாடாத ப்ளூஸுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு பாத்துக்கங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி என்னன்னா, இது ஒரே ஆளு உக்காந்து எழுதுன ட்யூன் இல்ல, ஒட்டுப்போட்டு தச்ச போர்வை மாதிரி. மெயின் ட்யூனுக்கு மூலம் ஹவுண்ட் டாக் டெய்லர்னு ஒரு ஸ்லைடு கிடார்காரரு க்ளப்புல வாசிச்சுக்கிட்டிருந்தது, நடுவுல பேண்ட் நிக்கிற இடத்துல வர்ற கார்டு ராபர்ட் லாக்வுட் ஜூனியர்ங்கிற கிடார்காரர்கிட்ட பிடிச்சது, கீழ் ஸ்ட்ரிங்ல (தடிச்ச கம்பி) ஒரு எடத்துல உருள்றது ஹென்றி மேன்சினி 1958ல டிவி சீரியலுக்குப் போட்ட 'பீட்டர் கன்' மியூசிக்கோட சாயல், இன்னொரு எடத்துல ஜிம்மி மெக்ராக்லினோட 'தி வாக்' பாட்டு. எல்லாத்தையும் அள்ளி ஒரே பன்னண்டு பார் சுத்துக்குள்ள போட்டு, ஒரு சுத்துக்கு ஒரு ஐடியான்னு வரிசையா அடுக்கிட்டாரு மனுஷன். ஹவுண்ட் டாக் டெய்லருக்கு கையில ஆறு விரல், ஆறாவது அசையாதாம். எனக்கு இருக்கிற அஞ்சே சொன்ன பேச்ச கேக்கறதில்ல.

சரி, வேலைக்கு வருவோம்.

என்கிட்ட இருக்கறது லெஸ் பால்ங்கிற கிடார் மாடல்ல ஒரு மலிவு காப்பி, பத்து வாட் ப்ராக்டிஸ் ஆம்ப். ஃப்ரெடி அப்ப வாசிச்சது கோல்டு டாப் லெஸ் பால், பி-90 பிக்கப் (கம்பியோட அதிர்வ ஆம்புக்கு அனுப்பற காந்தம்) போட்டது. என்னுது ஹம்பக்கர்ங்கிற வேற வகை, அதனால அந்த சவுண்டு வராதுன்னு முன்னாடியே மனச தேத்திக்கிட்டேன். பாட்ட மொபைல்ல ஒரு ஸ்லோ பண்ற ஆப்ல போட்டு 60 சதவீதத்துல நாலு நாலு பாரா லூப் பண்ணி காதாலயே எடுத்தேன். டேப் (எந்தக் கம்பியில எங்க விரல் வெக்கணும்னு நம்பர்ல எழுதினது) பாக்கலியான்னு கேட்டா பாத்தேன், ஆனா ரெண்டு டேப் எடுத்தா ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கு, கடைசியில காதுதான் தீர்ப்பு.

ரெண்டு வாரம் கழிச்சு மொதல் நாலு சுத்த மொபைல்ல ரெக்கார்ட் பண்ணிக் கேட்டேன். நோட் எல்லாம் சரி, ஒண்ணு கூட தப்பு இல்ல, ஆனா கேக்க சகிக்கல, யாரோ டைப்ரைட்டிங் பரீட்சை எழுதுற மாதிரி இருந்துச்சு. கீழ் வீட்டு மாமா மாடிப்படியில பாத்தப்போ "என்னப்பா, புதுசா ஒரு ரயில் பாட்டு வாசிக்கிறியே, ஆனா ரயிலு நகரவே மாட்டேங்குதே"ன்னாரு. அவரு சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னாரு, ஆனா கரெக்டா நோய்மேல கைய வெச்சுட்டாரு.

நகராததுக்கு காரணம், ஷஃபிள்ங்கிற தாள நடை வராததுதான். இது தெரியாத விஷயம் இல்ல, தெரிஞ்சும் கை செய்யல. ஒரு பீட்ட ரெண்டா சமமாப் பிரிச்சு 'தக தக'ன்னு வாசிச்சுக்கிட்டிருந்தேன். ஷஃபிள்ல பீட்டு மூணாப் பிரியும், நடுவுல உள்ளது மட்டும் ஒலிக்காது. இங்கிலீஷ் வீடியோல எல்லாம் ட்ரிப்லெட், ஸ்விங் எய்த்துன்னு அரைமணி நேரம் விளக்குறாங்க, எனக்கு வேலை செஞ்சது வாயால தகிட தகிட தகிட தகிடன்னு சொல்லிக்கிட்டே 'கி'ய மட்டும் விழுங்கறது. த–ட த–ட த–ட த–ட. சத்தமா சொல்லாம விழுங்கணும், ஆனா அதோட எடம் அங்கயே இருக்கணும், அவசரப்பட்டு மூடிடக்கூடாது. ஒரு வாரம் கிடாரத் தொடாமயே பல்லு விளக்கறப்பவும் பஸ்ஸுக்கு நிக்கறப்பவும் இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பறம் மெட்ரோனோம (தாளம் தட்டற கருவி) ரெண்டாவது நாலாவது பீட்டுல மட்டும் அடிக்கிற மாதிரி வெச்சுக்கிட்டு ஓப்பன் ஈ ஸ்ட்ரிங் ஒண்ணு மட்டும், வேற எதுவும் இல்லாம, பத்து நிமிஷம். போரடிச்சு சாகற வேலை. ஆனா அது முடிஞ்சு பாட்டுக்குத் திரும்பினப்போ ரயிலு கொஞ்சம் நகந்துச்சு.

கொஞ்சம்தான். ரெண்டாவது ரெக்கார்டிங்கையும் ஒரிஜினலையும் மாத்தி மாத்தி கேட்டதுல இன்னொண்ணு பிடிபட்டுச்சு. ஃப்ரெடி நோட்ட வாசிச்சுட்டு உடனே வெட்டி விடறாரு. என்னுது ஒவ்வொரு நோட்டும் அடுத்ததோட தோள்மேல கைபோட்டுக்கிட்டு நிக்குது, அவருது ஒவ்வொண்ணும் தனித்தனியா, நடுவுல காத்துப் போற அளவுக்கு எடம் விட்டு நிக்குது. இடது கை விரல ஸ்ட்ரிங்க விட்டு எடுக்காம அழுத்தம் மட்டும் தளர்த்தினா நோட் சத்தமில்லாம செத்துடும், அது ஒரு பாதி. மீதிப் பாதி வலது கையில இருக்கு. அங்கதான் பிக் வந்துச்சு.

ஃப்ரெடி நம்மள மாதிரி தட்டையா ஒரு பிளாஸ்டிக் பிக் பிடிச்சு வாசிக்கிறவரு இல்ல. கட்டைவிரல்ல பிளாஸ்டிக் தம்ப் பிக், ஆள்காட்டி விரல்ல இரும்பு ஃபிங்கர் பிக், ரெண்டே விரல். எடி டெய்லர்ங்கிற இன்னொரு கிடார்காரர்கிட்ட பாத்துப் பழகினதா அவரே சொல்லியிருக்காரு. கட்டைவிரல் கீழ்நோக்கி, ஆள்காட்டி மேல்நோக்கி, அதான் அவரு மேல் ஸ்ட்ரிங்ல (மெல்லிசான கம்பி) அடிக்கிற ஒவ்வொரு நோட்டும் கொட்டுன மாதிரி சுள்ளுன்னு வருது. அதோட அடுத்த நோட்டுக்காக பிக் ஸ்ட்ரிங் மேல வந்து உக்காந்த உடனே முந்தின நோட் தன்னால நின்னுடும். நான் இடது கையால முக்கி முக்கி செஞ்சது அங்க ஓசியில கெடைக்குது.

ஊர்ல ரெண்டு கடையில கேட்டேன், தம்ப் பிக்னா என்னன்னு திருப்பிக் கேட்டாங்க. ஆன்லைன்ல வாங்கினேன். வந்த தம்ப் பிக் லூசு, கட்டைவிரல்ல ராட்டினம் மாதிரி சுத்துது. கொதிக்கிற தண்ணியில முக்கி எடுத்து இறுக்கிக்கலாம்னு ஒரு வித்தை இருக்கு, வேலை செய்யும், ஆனா நான் மொத பிக்க டம்ளர்ல போட்டுட்டு போன் வந்துச்சுன்னு போயிட்டேன், திரும்பி வந்து பாத்தா வளையமே திறந்து அப்பளம் மாதிரி கெடக்கு. ரெண்டாவத இடுக்கியால பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் முக்கினேன், இளகுனதும் ஒரு மார்க்கர் பேனாமேல சுத்தி அழுத்திப் பிடிச்சு அப்படியே பச்சத்தண்ணியில விட்டேன். கச்சிதமா நின்னுச்சு. கட்டைவிரலவிட ஒரு பொடி மெல்லிசான பேனாவா பாத்து எடுங்க.

இரும்பு பிக்ல நான் பண்ணது அதவிட கேவலம். பத்து நாளா அத நகத்துமேல மூடி மாதிரி போட்டுக்கிட்டு வாசிச்சேன். நகம் நீண்ட மாதிரி தெரியுதே, அப்படித்தான் இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். அது சதைப்பக்கம் வரணும், விரல் நுனி வளைவோட சேந்து வளைஞ்சு நிக்கணும், பட்டைங்க ரெண்டும் நகத்துப் பக்கம் சுத்தி வரணும். தலைகீழாப் போட்டா மேல்நோக்கி இழுக்கறப்போ ஸ்ட்ரிங்ல மாட்டி தெறிச்சுப் போகாம என்ன பண்ணும்? சோஃபாவுக்கடியில பத்து நாள் தவழ்ந்ததுக்கு காரணம் இவ்ளோதான். திருப்பிப் போட்டு, பட்டைய குறடால லேசா நெருக்கி, நுனிய கொஞ்சம் உள்ள வளைச்சதும் அதுக்கப்பறம் ஒரு தடவைகூட விழல.

பழகறதுக்கு ஒரு மாசம் ஆச்சு. மொத வாரம் இரும்பு ஸ்ட்ரிங்ல உரசுற 'க்ரீச்' சத்தம்தான் ஆம்ப்ல ட்யூனவிட பெரிசா வந்துச்சு. ஸ்ட்ரிங்குக்கு நேரா பிக் படணும், சாய்ஞ்சு பட்டா ஸ்ட்ரிங்ல இருக்கிற சுருள்ல கீறும். ஆம்ப்ல ட்ரெபிள நல்லா கொறச்சு, கிடார் வால்யூம 7க்கு எறக்கினதும் கொஞ்சம் அடங்குச்சு. ஃப்ரெடி வலது கைக்காரரா இருந்தும் பெல்ட்ட வலது தோள்லயேதான் மாட்டுவாரு, அதையும் செஞ்சு பாத்தேன், கிடார் நழுவி டைனிங் டேபிள்ல இடிச்சுது, அந்த ஆராய்ச்சிய அதோட விட்டுட்டேன்.

இதுக்கு நடுவுல ட்யூனிங் பிரச்சனை ஒண்ணு. சவுண்டு தடிமனா வரட்டுமேன்னு மெல்லிசான 9 செட் ஸ்ட்ரிங்க கழட்டிட்டு கொஞ்சம் தடிச்ச 10 செட் போட்டிருந்தேன். போட்ட நாள்லேருந்து ஜி ஸ்ட்ரிங் நிக்கல. ஒரு பெண்ட் (கம்பிய விரலால தள்ளி சுருதி ஏத்தறது) அடிச்சா அடுத்த நோட் இறங்கிக் கேக்குது, ட்யூனர்ல பாத்தா ஃப்ளாட் (சுருதி கம்மி), சாவிய முறுக்கி ஏத்தினா திடீர்னு தாண்டி ஷார்ப் (சுருதி ஜாஸ்தி). முறுக்கறப்போ நட் (கிடார் தலைகிட்ட கம்பிங்க உக்கார்ற பள்ளம் வெட்டுன சின்னத் துண்டு) பக்கத்துல காத வெச்சுக் கேட்டேன், 'டிங்'னு சின்னதா ஒரு சத்தம். அதான் திருடன். நட்ல இருக்கிற பள்ளம் 9 செட்டுக்கு வெட்டுனது, தடிச்ச ஸ்ட்ரிங் அதுல சிக்கிக்குது. பெண்ட் பண்ணும்போது ஸ்ட்ரிங் பிரிட்ஜ் (கம்பியோட மறுமுனை நிக்கிற எடம்) பக்கமா கொஞ்சம் இழுபட்டு வருது, விடும்போது பழைய எடத்துக்குத் திரும்பாம நட்லயே மாட்டி நிக்குது, அதான் இறங்குது. ஒருத்தர்கிட்ட காட்டினேன், பாக்காமயே சாவி ஆறையும் மாத்தணும்னாரு. சரிண்ணேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து பொண்ணோட ட்ராயிங் பென்சில் 4பி ஒண்ண எடுத்தேன். ஸ்ட்ரிங்க தளர்த்தி பக்கத்துல தள்ளி வெச்சுட்டு, பள்ளத்துக்குள்ள நுனிய விட்டு நாலஞ்சு தடவ தேச்சேன், கருப்பு பவுடர் பள்ளம் முழுக்க ஒட்டுச்சு, ஸ்ட்ரிங்க திரும்ப உக்கார வெச்சு முறுக்கினா 'டிங்' போச்சு. முழுசா குணமாகல, பத்து பெண்டுக்கு ஒருதடவ லேசா இறங்குது, சரியான வைத்தியம் பள்ளத்த அரம் போட்டு அகலப்படுத்தறதுதான், ஆனா நட் அரம் வெலைய பாத்ததும் பென்சிலே போதும்னு தோணிடுச்சு.

அடுத்து பிரேக். இதுதான் பாட்டோட உயிர், என்னோட உசுர எடுத்ததும் இதுதான். ஒரு சுத்தோட ஆரம்பத்துல பேண்ட் டப்புனு நின்னுடும், கிடார் மட்டும் அந்த வெத்து எடத்துல கார்ட இழுத்து விடும், அப்பறம் எல்லாரும் திரும்ப வந்து சேருவாங்க. லாக்வுட்கிட்டேருந்து வந்த சமாச்சாரம் இதுதான், டிமினிஷ்டு கார்டுன்னு சொல்றாங்க. ஈ 7ல என்னென்ன இருக்கு? ஈ, ஜி ஷார்ப், பி, டி. அதுல ஈய மட்டும் எடுத்துட்டா மிச்சம் இருக்கிற மூணும் சேந்து ஒரு சின்ன டிமினிஷ்டு கார்டு. அதனாலதான் ஈ 7 மேல அந்த ஷேப்ப வெச்சா வெளியூர் ஆள் மாதிரி தெரியாம, அதே சமயம் என்னமோ ஆகப்போகுதுங்கிற மாதிரி ஒரு பதட்டத்தோட நிக்குது. இது புரிஞ்சதும் விரல் எங்க போகணும்னு மனப்பாடம் பண்ற வேலை பாதி கொறஞ்சிடுச்சு.

ஆனா பிரச்சனை விரல்ல இல்ல, கால்ல. வாசிக்கறப்போ கால் தட்டிக்கிட்டே இருக்கும்ல, பிரேக் வந்ததும் கூட ஓடவிட்ட ட்ராக்ல சத்தம் நிக்குது, கூடவே என் காலும் நின்னுடுது. அப்பறம் குத்துமதிப்பா ஒரு எடத்துல குதிக்கறேன், பேண்ட் இன்னும் வரல, இல்ல ஏற்கனவே போயிடுச்சு. ரெக்கார்ட் பண்ணிப் பாத்தா எப்பவுமே அரை பீட்டு முந்தித்தான் வந்திருக்கேன், ஒரு தடவைகூட லேட்டா வரல. மௌனத்தத் தாங்க முடியாம அவசரப்படறேன் போல. கடைசியில பொண்ண கூப்பிட்டு உக்கார வெச்சு, என்ன நடந்தாலும் கைதட்டறத நிறுத்தாதன்னு சொன்னேன். அவ தட்டினா. நான் வாசிச்சேன். "அப்பா, நீ வந்துட்ட, ஆனா நாலு இன்னும் வரல"ன்னா. திரும்ப. "இப்பவும் வரல." ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அவ ஒண்ணும் சொல்லல, சும்மா தட்டிக்கிட்டே இருந்தா, நான் அடுத்த வரிக்கே போயிட்டேன், அப்பறம்தான் தெரிஞ்சுது சரியா விழுந்துடுச்சுன்னு. அதுக்கு கூலியா ஐஸ்க்ரீம்.

கீழ் ஸ்ட்ரிங் பகுதிக்கு முன்னாடி கை சூடாகட்டும்னு மேன்சினியோட அந்த ஒரிஜினல் உருட்டலையே தனியா வாசிச்சுப் பழகினேன், தடிச்ச ஈ ஸ்ட்ரிங் ஒண்ணுலயே 0 0 2 0 3 0 5 4, அவ்ளோதான், கிடார் கையில எடுத்த மொத வாரத்துல இருக்கிறவங்ககூட வாசிக்கலாம். பொண்ணு அதக் கேட்டுட்டு "இது திருடன பின்னாடியே போய்ப் பிடிக்கிற மியூசிக்தான"ன்னா. அந்த டிவி சீரியல் துப்பறியும் கதை, அத அவ பாத்ததே இல்ல. ஃப்ரெடி அத அப்படியே எடுத்து வெக்கல, வாசனை மட்டும்தான், ஆனா 1961ல ரேடியோ கேட்டவங்களுக்கு சட்டுனு சிரிப்பு வந்திருக்கும்னு நெனைக்கிறேன், ஏன்னா அப்ப எல்லார் காதுலயும் ஓடிக்கிட்டிருந்த ட்யூன் அது. டான்ஸ் ஆட வந்தவங்கள விடாம பிடிச்சு வெக்கிற வேலை. அத மனசுல வெச்சுக்கிட்டு வாசிச்சப்போ கை தன்னால இளகுச்சு, அதுவரைக்கும் ஏதோ கோயில்ல அர்ச்சனை பண்ற மாதிரி பயபக்தியா வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

நடுவுல எரிக் கிளாப்டன்ங்கிற இங்கிலாந்து கிடார்காரரோட வெர்ஷன் பக்கம் போய் ஒரு வாரம் வீணாப்போச்சு. ஜான் மேயாலோட 1966 ஆல்பத்துல வாசிச்சிருக்காரு, லெஸ் பால மார்ஷல் ஆம்ப்ல முழுசா திறந்து விட்டது. அற்புதமான வாசிப்புதான், இல்லன்னு சொல்லல. ஆனா அங்க நோட் ஒவ்வொண்ணும் தேன் மாதிரி நீண்டு வழியுது, ஃப்ரெடியோடது கடுகு வெடிக்கிற மாதிரி. ரெண்டையும் கலந்து கேட்டுக்கிட்டிருந்ததுல என் கை எதுக்கும் உதவாம நடுவுல நின்னுச்சு. கத்துக்கறப்போ ஒண்ண மட்டும் கேளுங்க, மத்தது அப்பறம். என் ஓட்டு ஃப்ரெடிக்குத்தான், கிளாப்டன் ரசிகருங்க சண்டைக்கு வரலாம்.

இப்ப நிலவரம்: ஒரிஜினல் ஸ்பீடுல 90 சதவீதத்துக்கு முழுசா ஒரே மூச்சுல போகுது. முழு ஸ்பீடுல வெச்சா நடு சுத்துல ஓப்பன் ஜியிலேருந்து மொதல் ஃப்ரெட்டுக்கு (கட்டத்துக்கு) வர்ற ஹேமர் ஆன் (மீட்டாம இடது கை விரலாலயே கம்பியத் தட்டி நோட் எடுக்கறது) மங்கிடுது. மைனர் தேர்டுல (சோகமான நோட்) ஏறி அரை ஸ்வரம் மேல மேஜருக்கு வந்து உக்கார்ற அந்த நொடி தெளிவா கேக்கலன்னா அது ப்ளூஸாவே இல்ல, அதனால அத மட்டும் தனியா வெட்டி எடுத்து தினம் அஞ்சு நிமிஷம். கடைசி ரெண்டு பார்ல பி 7க்கு திரும்பற எடமும் பத்துக்கு மூணு தடவ சொதப்புது. நேத்து சாயந்திரம் மாடிப்படியில கீழ் வீட்டு மாமாவ பாத்தேன், ஒண்ணும் சொல்லல, கையில பால் பாக்கெட்டோட போயிட்டாரு, ஆனா பாக்கெட்ட தொடையில த–ட த–டன்னு தட்டிக்கிட்டே போனாரு.

ஜி ஸ்ட்ரிங் நட் கிட்ட கருத்துப் போய் சொரசொரன்னு ஆயிடுச்சு, இந்த வாரம் மாத்தணும். 4பி பென்சில் ஒண்ணு புதுசா வாங்கித் தரணும், பொண்ணு கணக்கு வெச்சிருக்கா.